2011 மாடல் சொகுசு செடான்கள் நான்கு: எந்தச் சொகுசு பழுதாகிறது?

அமெரிக்காவில் பழைய சொகுசு செடான் தேடுகிறவர் கண்ணில் 2011 மாடல் பிஎம்டபிள்யூ 750எல்ஐ, மெர்சிடிஸ் எஸ்550, லிங்கன் டவுன் கார், கேடிலாக் டிடிஎஸ் நான்கும் இன்று அதிக வித்தியாசமில்லாத விலையில் படும். புதிதாக விற்ற காலத்தில் கதை வேறு. எஸ்550 90,000 டாலரைத் தாண்டியது. 750எல்ஐ 80,000-க்கு மேல். அமெரிக்கக் கார்கள் இரண்டும் 47,000 டாலர் அளவில் தொடங்கின. இத்தனை ஆண்டில் காரின் விலை சரிந்துவிட்டது, உதிரிப் பாகத்தின் விலை சரியவில்லை. 90,000 டாலர் காரின் முன் ஷாக், அந்தக் காரைப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியவரிடமும் 90,000 டாலர் காருக்குரிய விலையைத்தான் கேட்கும்.

2011-ஐ எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. டிடிஎஸ், டவுன் கார் இரண்டுக்கும் அது கடைசி ஆண்டு. ஒன்று மே மாதத்தில் நின்றது, மற்றொன்று ஆகஸ்ட்டில். எஸ்550-க்கு பழைய 5.5 லிட்டர் இன்ஜினின் கடைசி ஆண்டு. பிஎம்டபிள்யூவோ சிக்கல் நிறைந்த ஓர் இன்ஜினின் நடுக்காலத்தில் இருந்தது. நம்பகமா, சொகுசா என்ற கேள்வியை நான்கு கார்களும் நான்கு விதமாக அவிழ்த்துக் காட்டுகின்றன.

சொகுசு என்று மொத்தமாகச் சொல்வதில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. அகலமான இருக்கை, கால் நீட்ட இடம், கனமான கதவு, சத்தம் தடுக்கும் கண்ணாடி, மென்மையான ஸ்பிரிங் இவையெல்லாம் சும்மா இருக்கும் சொகுசு. பதினைந்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். தோல் கொஞ்சம் வெடிக்கும், அவ்வளவுதான். காற்று நிரப்பும் சஸ்பென்ஷன், இரட்டை டர்போ, தானாக இழுத்து மூடிக்கொள்ளும் கதவு, வளைவில் காரைச் சாயவிடாத ஹைட்ராலிக் பார் இவை ஓயாமல் உழைக்கும் சொகுசு. பம்ப், வால்வு, சீல், சென்சார், கன்ட்ரோல் யூனிட் என்று ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. ஐரோப்பியக் கார்களில் இரண்டாம் வகை கூடுதல். பில் தொகையில் தெரியும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது.

ஆய்வுப் பட்டியல் எதைச் சொல்லவில்லை

கார் உரிமையாளர்களிடம் கேட்டு ஆய்வு நடத்தும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் 2011 நம்பகத்தன்மைப் பட்டியலில் லிங்கன் முதலிடம்: 100 கார்களுக்கு 101 கோளாறுகள். இதைக் காட்டி டவுன் காரை விற்கிறவர்கள் உண்டு. அதே பட்டியலில் ஜாகுவார் மூன்றாம் இடத்தில் இருந்ததையும், 2009-இல் ப்யூக்கும் ஜாகுவாரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டதையும் அவர்கள் சொல்வதில்லை. அந்த ஆய்வு மூன்று வயதான காரின் முதல் உரிமையாளரிடம் கேட்பது. ப்ளூடூத் இணையாததும் ஒரு கோளாறு, கியர்பாக்ஸ் போனதும் ஒரு கோளாறு. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வாரன்ட்டி நான்கு வருடம் அல்லது 50,000 மைல். ரப்பர் வெடிப்பதும், ப்ளாஸ்டிக் நொறுங்குவதும், செயின் நீள்வதும் அதற்கு அப்பால்தான். பழைய கார் வாங்குகிறவருக்கு வேண்டிய தகவல் தொடங்கும் இடத்தில் அந்த ஆய்வு முடிந்துவிடுகிறது.

750எல்ஐ: சூடு எங்கே தேங்குகிறது

இந்தக் காரின் கதை முழுக்க என்63 இன்ஜின்தான். 4.4 லிட்டர் வி8, இரட்டை டர்போ, 400 குதிரைத்திறன். 2008-இல் எக்ஸ்6-இல் முதலில் வந்தது. வழக்கமான வி8-இல் காற்று நடுவிலிருந்து உள்ளே போகும், புகை இரு பக்கமும் வெளியே வரும். என்63-இல் இதைத் திருப்பிப் போட்டார்கள். புகை நடுவில் வருகிறது, டர்போ இரண்டும் 'வி'யின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. புகை டர்போவுக்குப் போகும் தூரம் குறைவதால் ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் இழுவை கிடைக்கும். ஓட்டிப் பார்த்தால் அந்த வடிவமைப்பின் நியாயம் புரியும். ஆனால் பள்ளத்தில் தேங்கும் சூடு சுற்றியுள்ள ஒவ்வொரு ரப்பரையும் ப்ளாஸ்டிக்கையும் வேக வைக்கிறது.

முதலில் போவது வால்வு ஸ்டெம் சீல், அதாவது வால்வுத் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம். மொத்தம் 32. சூட்டில் இறுகிப்போன சீல் எண்ணெயைத் தடுக்காது. முதல் தலைமுறை என்63-இல் வால்வ்ட்ரானிக் (வால்வு திறக்கும் அளவை மாற்றிக் காற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) கிடையாது. கார் நின்று இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக்கில் வலுவான வெற்றிடம் உண்டாகி எண்ணெயை வால்வு வழியே உறிஞ்சும். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று புறப்பட்டால் பின்னால் நீலப் புகை எழுவது இதனால்தான். சீல்களின் விலை சொற்பம். மாற்றும் கூலிதான் பல ஆயிரம் டாலர். தனிக் கருவி இருந்தால் இன்ஜினை இறக்காமலேயே செய்யலாம், இல்லையென்றால் இன்ஜினை இறக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் டர்போவுக்குப் போகும் கூலன்ட் குழாய்கள், க்ராங்க்கேஸ் வென்ட் குழாய்கள், வால்வு கவர் கேஸ்கெட் மூன்றையும் அதே கையோடு மாற்றிவிட வேண்டும். தொட்டாலே உடையும் நிலையில் இருக்கும் குழாயைத் திரும்ப மாட்டுவது வீண் வேலை.

அடுத்தது இன்ஜெக்டர். ஒழுகும் இன்ஜெக்டர் பச்சைப் பெட்ரோலை சிலிண்டர் சுவரில் விட்டு எண்ணெய்ப் படலத்தைக் கழுவுகிறது. இறங்கிய பெட்ரோல் எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. மோசமான நிலையில் சிலிண்டரே நிரம்பி, ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராட் வளைந்துபோகும். நீர்த்த எண்ணெயை 15,000 மைல் வரை மாற்றாமல் ஓட்டினால், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயினின் பின்கள் தேயும், செயின் நீளும். அந்த 15,000 மைல் அல்லது இரண்டு வருடம் என்பது தொழிற்சாலையே சொன்ன கணக்கு. 2014 டிசம்பரில் பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் இந்த இன்ஜினுக்கென்று தனித் திட்டம் ஒன்றை அறிவித்து அதை 10,000 மைல் அல்லது ஒரு வருடமாகக் குறைத்தது. செயின், இன்ஜெக்டர், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், க்ராங்க்கேஸ் வென்ட் குழாய், வேக்கம் பம்ப், எரிபொருள் அழுத்த சென்சார், பேட்டரி ஆகியவற்றைச் சோதித்து, தேவைப்பட்டால் இலவசமாக மாற்றித் தந்தது. வால்வு சீல் அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு கூட்டு வழக்கு வந்து 2018-இல் சமரசமானது.

பேட்டரி ஏன் பட்டியலில் இருக்கிறது என்று கேட்கலாம். காரை நிறுத்திய பிறகும் டர்போவைக் குளிர்விக்க மின் பம்பும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்த தூரம் மட்டும் ஓட்டுகிறவரின் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் இறங்கிவிடும். புது பேட்டரி போட்டால் ஸ்கேனர் வழியாகக் காரில் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கான கணக்கிலேயே சார்ஜ் செய்து புதியதையும் கெடுக்கும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை: முந்தின இரவே காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து செயின் சலசலப்பைக் கேட்க வேண்டும். அரைமணி நேரம் ஓட்டி, பதினைந்து நிமிடம் ஐடிலில் விட்டு, சட்டென்று மிதித்துப் பின்னால் பார்க்க வேண்டும். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி இந்த இன்ஜினில் இல்லை, திரையில்தான் தெரியும். கூலன்ட் தொட்டி இரண்டு, இன்ஜினுக்கு ஒன்று, டர்போ காற்றைக் குளிர்விக்க ஒன்று. இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். காரின் அடையாள எண்ணான விஐஎன்னைக் கொடுத்து இலவசத் திட்டத்தில் என்னென்ன மாற்றினார்கள் என்று டீலரிடம் கேட்டால் கணினியில் பார்த்துச் சொல்வார்கள். "எல்லாம் மாற்றியாச்சு" என்ற வாய்ப்பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தக் கார்களில் நிறைய முதலில் மூன்று வருட லீஸில் போனவை. நான்கு வருடம் வரை பராமரிப்பு இலவசம் என்பதால் முதல் உரிமையாளர் 15,000 மைலுக்கு முன் தன் காசில் எண்ணெய் மாற்றக் காரணமே இல்லை. பில் புத்தகம் முழுமையாக இருந்தாலும் செயின் கெட்டிருக்கலாம்.

எஸ்550: காற்றில் நிற்கும் கார்

ஒரே நாடு, ஒரே பிரிவு, ஆனால் குணம் வேறு. எம்273 இன்ஜின் 5.5 லிட்டர், டர்போ இல்லை, 382 குதிரைத்திறன். இதன் பெயரைக் கெடுத்தது டைமிங் செயினின் ஐட்லர் பல்சக்கரம். அது 2006 வரையிலான ஆரம்பகால இன்ஜின்களின் பிரச்சினை, 2011-க்குப் பொருந்தாது. இதைத் தெரியாமல் எஸ்550 என்றாலே ஒதுக்குகிறவர்கள் உண்டு. 2012-இல் வந்த எம்278 இரட்டை டர்போ இன்ஜினில் குளிர் ஸ்டார்ட்டில் செயின் டென்ஷனர் சலசலப்பு கேட்கும்; சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்தவையும் உண்டு. ஆகவே இந்தக் காரில் ஒரு வருடம் பழையதை எடுப்பதே மேல்.

2011 இன்ஜினில் பார்க்க வேண்டியவை சிறியவை. இன்டேக் மேனிஃபோல்டின் உள்ளே இருக்கும் தகடுகளை இயக்கும் ப்ளாஸ்டிக் நெம்புகோல் உடையும். ஸ்கேனரில் பி2004 அல்லது பி2006 என்ற பிழைக் கோடு வரும். மேனிஃபோல்டையே மாற்றும்படி சொல்வார்கள். உலோக நெம்புகோல் தனியாகவும் கிடைக்கிறது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்ற உதவும் கேம் மேக்னெட்டின் உள்ளே எண்ணெய் கசிந்து வயர் வழியாக ஊறி மேலேறும். ப்ளக்கைக் கழற்றி விரலால் துடைத்தால் தெரிந்துவிடும். மேக்னெட்டை மாற்றும்போது இடையில் ஒரு சிறு இணைப்பு வயர் போட்டால் எண்ணெய் அங்கேயே நின்றுவிடும். சில பத்து டாலர் செலவு பல நூறு டாலர் வயரிங்கைக் காப்பாற்றும்.

பணம் போகும் இடம் ஏர்மேட்டிக் சஸ்பென்ஷன். நான்கு மூலையிலும் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர்க் காற்றுப் பை. பத்து வருடத்தில் ரப்பரின் மடிப்பில் மயிரிழை வெடிப்பு விழும். இரவில் ஒரு மூலை இறங்கும், காலையில் கம்ப்ரஸர் ஓடித் தூக்கிவிடும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. எப்போதாவது ஓட வேண்டிய கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி சூடேறித் தேயும். அதற்குக் கரன்ட் கொடுக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கார் பூட்டிய பிறகும் கம்ப்ரஸர் ஓடி எரிந்துபோகும். அதன் பிறகுதான் எச்சரிக்கை விளக்கு. பட்டறையில் கம்ப்ரஸரை மட்டும் மாற்றி அனுப்பினால் சில மாதத்தில் அதுவும் போகும், ஏனென்றால் கசிவு அப்படியே இருக்கிறது.

சரியான வரிசை இது. சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிவைக்க வேண்டும். இரவு முழுக்க விட்டு, கதவைத் திறக்காமல் மறுபடி அளக்க வேண்டும். கதவைத் திறந்தாலே கம்ப்ரஸர் விழித்துக்கொள்ளக்கூடும். இறங்கிய மூலையில் ஷாக்கின் மேல்முனையிலும் காற்றுக் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்து நுரை பார்க்க வேண்டும். கசிவை அடைத்த பிறகு கம்ப்ரஸர், அதோடு கட்டாயம் புது ரிலே. முன்பக்கம் ஒன்று போனால் மற்றொன்றும் அதே வயதுதான். ஜோடியாக மாற்றுவது நல்லது. கார் தரையோடு படுத்துவிட்டால் ஓட்டக் கூடாது.

ஏழு கியர் 722.9 பெட்டியில் வேகத்தை அளக்கும் சென்சார்கள் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் தட்டிலேயே பதிந்தவை. ஒரு சென்சார் போனாலும் தட்டு முழுவதும் போகும். கார் ஒரே கியரில் சிக்கிக்கொள்ளும். புதிய தட்டை இணையம் வழியாகக் காருக்குக் கோடிங் செய்ய வேண்டும் என்பதால் பழைய கார் உடைக்கும் இடத்தில் வாங்கிப் போடுவது லேசில் நடக்காது. 40,000 மைலுக்கு ஒருமுறை கியர் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிய பில் இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம்.

டவுன் கார்: பழையதே பலம்

தனி இரும்புச் சட்டத்தின் (ஃப்ரேம்) மேல் பாடி, பின்னால் நேரான ஆக்ஸில், 4.6 லிட்டர் வி8, 239 குதிரைத்திறன், நான்கு கியர். 2011-இல் இதைப் புது கார் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். பாந்தர் என்ற இந்த அடித்தளம் 1979 மாடலில் தொடங்கியது. போலீஸ், டாக்ஸி, விமான நிலைய வாடகைக் கார் என்று லட்சக்கணக்கில் ஓடி, கோளாறெல்லாம் மற்றவர் செலவில் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. 1990-களின் பிற்பகுதியில் இன்டேக் மேனிஃபோல்டின் ப்ளாஸ்டிக் கூலன்ட் பாதை வெடித்து இன்ஜின்கள் சூடேறின. பின்னர் அந்தப் பகுதி அலுமினியமானது. ஸ்பார்க் ப்ளக்கைப் பிடிக்கும் மரை போதாமல் ப்ளக் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. பின்வந்த ஹெட்டில் மரை கூடியது. 2003-இல் சட்டமும் ஸ்டியரிங்கும் புதிதாயின. 2011 வாங்குகிறவருக்கு இத்தனை திருத்தமும் விலையில்லாமல் கிடைக்கிறது.

மிச்சமிருக்கும் கோளாறுகள் கைக்கு எட்டுபவை. எட்டு இக்னிஷன் காயிலில் ஒன்று போகும், பெரும்பாலும் இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு. பின்பக்கம் மட்டும் காற்றுப் பை. வெடித்தால் புதுப் பை போடலாம், அல்லது சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாம். எஸ்550-இல் ஒரு முன் ஷாக் மாற்றும் பணத்தில் இங்கே பின்பக்கம் முழுவதும் முடிந்துவிடும். ஜாக்கி வைக்கும் முன் டிக்கியில் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் சுவிட்சை அணைக்க மறக்கக் கூடாது. எண்ணெய் 5டபிள்யூ-20, ஆறு குவார்ட், 5,000 மைலுக்கு ஒருமுறை. உண்மையான எதிரி துரு. பனிக்கு உப்புத் தூவும் மாநிலத்தில் ஓடிய கார் என்றால் லிஃப்டில் ஏற்றி, பின் சக்கரத்துக்கு மேல் சட்டம் வளையும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வாடகைக்கு ஓடிய காரில் மைலைவிட ஐடிலில் நின்ற மணிநேரம் பெரிது. அது ஓடோமீட்டரில் ஏறாது.

ஆனால் இந்த நம்பகத்தன்மைக்கு ஒரு விலை இருக்கிறது, அது பட்டறை பில்லில் வராது. டவுன் காரில் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோல் மட்டும்தான். 2011 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கத் தயாராகும் எல்லாக் கார்களிலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயமானபோது பாந்தர் கார்கள் விடைபெற்றன. ஈரச் சாலையில் திடீரென்று தடம் மாற்ற நேர்ந்தால் மற்ற மூன்று கார்களும் தாமே பிரேக் பிடித்து நேராக்கும்; இது ஓட்டுநரை நம்பியே இருக்கும். புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்கு "உடையாத கார்" என்று இதை வாங்கிக் கொடுப்பதை ஏற்க முடியாது.

டிடிஎஸ்: அமெரிக்கக் கார் என்ற பெயர் போதாது

நார்த்ஸ்டார் 4.6 லிட்டர் இன்ஜின் 1993 மாடலில் வந்தது. அலுமினிய ப்ளாக்கில் ஹெட் போல்ட் பிடிக்கும் மரை பிய்ந்து, ஹெட் கேஸ்கெட் விடுவதுதான் அதன் தீராத புகழ். போல்ட்டும் மரையும் மாறிய பின் 2004-க்கு மேல் அது பெரிதும் அடங்கியது, 2011-இல் அரிது. இருந்தாலும் கூலன்ட் தொட்டியில் வேதிச் சோதனை செய்யாமல் வாங்கக் கூடாது: நீலத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது என்று பொருள். பழுது பார்க்க இன்ஜினைக் கீழ்ச்சட்டத்தோடு இறக்கி, ஒவ்வொரு போல்ட் துளைக்கும் எஃகு மரை பதிக்க வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு டிடிஎஸ்ஸே கிடைக்கும்.

தண்ணீர் பம்பை ஓட்டுவது கேம் ஷாஃப்டின் முனையிலிருந்து வரும் ஒரு சின்ன பெல்ட். மறைந்து கிடப்பதால் யாரும் மாற்றுவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். கியர்பாக்ஸ் நல்ல உழைப்பாளி. காந்தத்தால் இறுக்கம் மாறும் மேக்னடிக் ரைட் ஷாக் இருக்கும் காரானால், அமெரிக்க முத்திரை இருந்தும் ஷாக் விலை ஐரோப்பியக் கணக்கில்தான் வரும்.

யாருக்கு எது

ஆண்டுக்கு 15,000 மைல் நெடுஞ்சாலை, தெருவிலேயே கார் நிற்கும், பக்கத்தில் இருப்பது சாதாரண பட்டறை என்றால் டவுன் கார். ஓட்டுநர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். கராஜ் உண்டு, மெர்சிடிஸ் தெரிந்த தனி மெக்கானிக் கைவசம் உண்டு என்றால் 2011 எஸ்550. சஸ்பென்ஷனுக்காக வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். டிடிஎஸ் சோதனையில் தேறி, விலை மிகக் குறைவாக இருந்தால் மட்டும். 750எல்ஐ வால்வு சீல், செயின், இன்ஜெக்டர் மூன்றும் மாற்றிய பில்லோடு வந்தால் யோசிக்கலாம். பில் இல்லாத 750எல்ஐக்கு, வாங்கும் விலை அளவுக்கு இன்னொரு தொகை கையில் இருக்க வேண்டும். அவ்வளவு பணம் இருக்கிறவர் அதைக் கொண்டு புதிய காரே பார்க்கலாம்.

புதிய காரிலும் நாட்டை வைத்து முடிவெடுக்க முடியாது. அதே பிஎம்டபிள்யூவின் பி58 ஆறு சிலிண்டர் இன்ஜின் 2015 முதல் நல்ல பெயரோடு ஓடுகிறது. டொயோட்டாவே சுப்ராவுக்கு அதை வாங்கிப் போட்டது. 740ஐ-யில் அந்த இன்ஜின் இருக்கிறது, கூடவே நான்கு காற்றுப் பைகளும் இருக்கின்றன. ஆக மேலே எஸ்550-க்குச் சொன்ன அளவெடுப்பு அதற்கும் பொருந்தும். மறுபக்கம், டர்போ இல்லாத எளிய அமெரிக்க வி8 என்று நம்பப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் எல்87 இன்ஜினை 2025 ஏப்ரலில் திரும்ப அழைத்தார்கள். க்ராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் குறைபாட்டால் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம் என்று காரணம் சொன்னார்கள். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள். கேடிலாக் எஸ்கலேடும் அதில் அடக்கம். சோதனையில் தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் கெட்டியான 0டபிள்யூ-40 எண்ணெய், புது ஃபில்டர், புது எண்ணெய் மூடி, கையேட்டில் செருக ஒரு தாள். 2021 முதல் 2024 வரையிலான எஸ்கலேட் பார்க்கப் போகிறவர் முதலில் விஐஎன் எண்ணைக் கொண்டு திரும்ப அழைப்பு முடிந்ததா என்று சரிபார்த்துவிட்டு, பிறகு பானெட்டைத் திறந்து அந்த மூடியைப் பார்க்கட்டும்.